தனியாக வருகிற வாள்காரர்கள்

என் கடைசி மகளைக் கேட்டு வந்த மனிதர் ஒரு கையில் குடையும் மறு கையில் லெப்டொப் பையுமாக வந்தார். வெற்றிலைத் தட்டு இல்லை. பின்னால் ஓர் ஆள் இல்லை. பௌர்ணமிப் போயா லீவு என்று பார்த்தாரே தவிர, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று பார்க்கவில்லை.

எங்கள் ரப்பர் தோட்டங்களில் பெண் கேட்டு வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா வருவாள், தாய்மாமன் வருவான், லயத்து வரிசை வீடுகளின் பெரியவர்கள் இரண்டு பேர் வருவார்கள். தட்டை நடுவில் வைப்பார்கள். பெண் வீட்டார் வெற்றிலையை எடுத்தால் பேச்சு நடக்கும். எடுக்காவிட்டால் டீயைக் குடித்து, மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, மனக்கசப்பு இல்லாமல் எழுந்து போகலாம். மாப்பிள்ளை அங்கே வாயைத் திறப்பதே இல்லை. அது அவன் வேலை இல்லை.

இவர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்துப் பக்கம். மகள் அதே வளவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுக்கிறாள். அவளுக்கு வயது முப்பத்திரண்டு. முன்பு வந்த இரண்டு இடங்களையும் வேண்டாம் என்று தட்டிவிட்டாள்.

"நீங்க சரின்னு சொல்லாம நான் போகமாட்டேம்மா. வேற யாரையும் கட்டவும் மாட்டேன்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகவே அவள் வாழ்க்கை முழுக்க என் வாயில் வந்து நின்றுகொண்டது.

வந்தவரை உட்கார வைத்து, "உங்க வீட்டு ஆளுங்க எங்க?" என்று கேட்டேன்.

"நான் தனியத்தான் வந்தனான், அம்மா" என்றார்.

வடக்கிலிருந்து வந்த வாத்தியார்களையும் கிளார்க்குகளையும் நான் பாவாடை கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். எங்களைத் தோட்டக்காட்டார் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் வாசலோடு நிற்பார்கள். டீ கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். இவர் குடித்தார், இன்னொரு டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். டீ குடித்ததற்காக மகளைக் கொடுத்துவிட முடியாது.

மகள்தான் இடையில் வந்தாள்.

"கணக்கு சேருக்கு அதிகமாப் பேச வராதும்மா. அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ண உங்களோட உட்கார்ந்து பாக்கணுமாம். அதப் பாத்தா அவரப் புரிஞ்சுக்குவீங்களாம்."

"என்னாத்த?"

"படம்மா. கார்ட்டூன்."

நாற்பது வயதை நெருங்கும் ஆண்பிள்ளை, மாமியாராக வரவேண்டியவளுக்குக் கார்ட்டூன் காட்ட வந்திருக்கிறார். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் விளக்கம் சொன்னார். "இது பெரிய விண்வெளிக் கதை, அம்மா. அமெரிக்கக்காரர் எடுத்தது, உலகம் முழுக்கத் தெரியும். அதை ஜப்பான்காரரிட்டக் குடுத்து, உங்கட மாதிரிச் சொல்லுங்கோ எண்டு விட்டிருக்கினம். ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு குட்டிக் கதை படமாக் கீறியிருக்குது."

அவர் இதை ஏதோ புதுமை போலச் சொன்னார். நாங்கள் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறோம். சிவன் மன்மதனை எரித்த கதை ஒன்றுதான். தோட்டத்தின் மேல் டிவிஷனில் எரிந்தவன் எழுந்து வந்தால்தான் கூத்து முடியும். கீழ் டிவிஷனில் எரிந்தவன் எரிந்ததுதான், அவ்வளவோடு வேப்பிலையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். எது சரி என்று இரண்டு டிவிஷனும் அடித்துக்கொள்ளும். அதை யாரும் பெட்டியில் போட்டு உலகம் முழுக்க விற்கவில்லை.

அடுத்த ஞாயிறு பகல் சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டபிறகு படம். பிறகு எல்லா ஞாயிறும் வந்தார். ஒரு நாளைக்கு ஒரு கதை, மிஞ்சிப்போனால் இரண்டு. என் தம்பியையும் வரச் சொல்லியிருந்தேன். கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் விடுகிற இடம் ஒன்றில் அவன் சமையல்காரன். மகளுக்குத் தாய்மாமன். அவன் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது.

படத்தில் ஜப்பான்காரன் பேசுவான். கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். வாத்தியார் அதை யாழ்ப்பாணத் தமிழில் சொல்வார். மகள் அதை எங்கள் தமிழில் எனக்குச் சொல்வாள். தம்பி முழுவதையும் சுருக்கிச் சிங்களத்தில் ஒரு வார்த்தை சொல்லிச் சிரிப்பான். அதற்குள் படத்தில் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

முதல் கதையில் ஒருவன் நனைந்த மூட்டை மாதிரி மழையில் நடந்து வந்தான். இடுப்பிலிருந்து வெறும் கைப்பிடியை எடுத்தான். அதிலிருந்து டியூப் லைட் மாதிரி வெளிச்சம் நீண்டது. அதுதான் வாளாம். மழைத்துளி பட்டபோதெல்லாம் வாள் புஸ் புஸ்ஸென்று புகைந்தது.

"அவ்வளவு சூடா இருந்தா, புடிச்சிருக்குற கை வேகாதா?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு சக்தி இருக்குது, அம்மா. எல்லா உயிருக்குள்ளயும் ஓடுற சக்தி."

"எனக்குள்ளயும் ஓடுதா?"

"ஓம்."

"அப்ப என்னோட முழங்கால் வலிக்கு அது என்னா செய்யுது?" என்றான் தம்பி. அவனுக்கு முழங்காலில் வலியே இல்லை. கேட்கவேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

இன்னொரு கதை முழுக்கப் பனி. சாசர் அளவுக்குக் கண் உள்ள ஒரு பெண், பெருச்சாளி மாதிரி ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று நாலு பேர் வாய்க்கு மாறி என்னிடம் வந்து சேர்வதற்குள் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இன்னொன்றில் தகரத்தால் செய்த இயந்திரம் ஒரு கோயிலைப் பெருக்கி விளக்கு வைத்தது. மனிதர்கள் சுற்றி நின்று சண்டை போட்டார்கள். அந்த இயந்திரத்தை மட்டும் நான் குறை சொல்லவில்லை. மூலைமுடுக்கெல்லாம் பெருக்கியது.

நாலாவது கதையில் ஒரு காடு வந்தது. மரத்தைக் கீறினால் நீலமாகப் பால் வடிந்தது. அதைச் சேர்த்துத்தான் அந்த ஊர்ச் சனம் பிழைக்கிறதாம். நான் முப்பத்தைந்து வருஷம் ரப்பர் பால் வெட்டியவள். அதனால் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். கதாநாயகி கத்தியை எடுத்தாள். வலது பக்கம் உயரத்தில் வைத்து, இடது பக்கம் கீழே இழுத்தாள்.

"நிப்பாட்டுங்க" என்றேன்.

வாத்தியார் பதறிப்போய் நிறுத்தினார்.

"இடது மேலேருந்து வலது கீழ இறங்கணும். இவ வெட்டுறபடி வெட்டுனா பால் பாதிகூட வராது. கங்காணி பாத்தா மறுநாள் காலையில பிரட்டுல பேர் கூப்பிடுறப்ப இவ பேரே இருக்காது. இத்தன பேர் கூடி வரைஞ்சிருக்காங்க, ஒரு பால் வெட்டுற பொம்பளகிட்ட கேக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல பாருங்க."

"அது வேற கிரகத்து மரம்தானே, அம்மா."

"எந்தக் கிரகமா இருந்தாலும் பட்டை பட்டைதான்."

அவர் சிரிக்கவில்லை. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ தெரியவில்லை.

இப்படி ஆறு ஞாயிறு போயிற்று. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் முகத்தைக் கொடுக்கவில்லை. ஆறாவது ஞாயிறு தம்பி வெளியே தண்ணீர்ப் பீலியடியில் கை கழுவும்போது கேட்டான்.

"என்னாக்கா முடிவு? நல்ல மனுஷனாத்தான் தெரியுது. சோறு வீணாக்காம சாப்பிடுறாரு."

"நீ சமையல்காரன், உனக்கு அதுதான் தெரியும். நீ அந்தப் படங்கள ஒழுங்காப் பாத்தியா? அதுல ஒருத்தனுக்காவது அம்மா இருக்காளா? எங்கேருந்தோ வாறான். தனியா வாறான். வாள எடுக்குறான், வெட்டுறான், தனியாப் போயிடுறான். எங்க போறேன்னு வீட்டுல சொன்னவன் ஒருத்தனும் இல்ல. நம்ம காமன் கூத்துல எரியப்போறவனக்கூட பொண்டாட்டி போகாதேன்னு மறிக்கிறா. இவனுங்கள மறிக்க ஒரு நாதி இல்ல. அதத்தான் இந்த மனுஷன் ஆசையாப் பாக்குறாரு."

"படத்தப் பத்திச் சொல்றியா, வாத்தியாரப் பத்திச் சொல்றியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

ஏழாவது ஞாயிறுதான் அது நடந்தது. கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்த அவருடைய போன் அடித்தது. அவர் முகம் மாறியது. எழுந்து வெளியே போயிருக்கலாம், ஆனால் வெளியே மழை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார். அந்தப் பக்கம் அவருடைய அம்மா, பலமான குரல். எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, எங்க நிக்கிறாய்?"

"குவாட்டர்ஸில நிக்கிறன், அம்மா."

"என்ன சத்தம் அது? வாள்ச் சண்டை மாதிரிக் கிடக்கு."

"படம் பாக்கிறன்."

"தனியவோ?"

"ஓம், தனிய."

"சரி. உந்தத் தோட்டக்காட்டுச் சனத்தோட கன பழக்கம் வையாத. பிறகு தலையில ஏறி இருக்குங்கள்."

"ஓம், அம்மா" என்றார்.

என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுத் தட்டில் சாப்பிட்ட கை காயுமுன்னே, ஓம் அம்மா என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி கூரையைப் பார்த்தான். படத்தில் மட்டும் ஒருவன் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தான்.

நான் கத்தவில்லை. வாத்தியாரைப் பார்த்து, "அந்தப் பெட்டிய மூடுங்க, தம்பி" என்றேன். மூடினார்.

"உங்க அம்மா சொன்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அவங்க என்னைப் பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்க. ஏழு ஞாயித்துக்கெழம பாத்திருக்கீங்க. எங்க இருக்கேன்னு பெத்தவகிட்ட சொல்ல முடியாத வீட்டுல எதுக்கு வந்து உட்காருறீங்க? சொல்லிட்டு வாங்க. சொல்ல முடியாதுன்னா வராதீங்க."

"அம்மாவுக்கு பிரஷர் இருக்குது..." என்று ஆரம்பித்தார்.

"எனக்கும் இருக்கு" என்றேன்.

குடையை விரிக்காமலே மழையில் போனார். மகள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்குப் போனாள், வாய் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. அவள் பின்னேரம் வரைக்கும் கதவடியில் பாயைப் போட்டு, பிள்ளைகளுக்கு வண்ணத்தாள் வெட்டுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டிய தாளையே வெட்டினாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். உள்ளுக்குள், என் கௌரவத்துக்காக இவளை இப்படியே உட்கார வைத்துவிட்டேனோ என்று இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

மூன்றாவது ஞாயிறு வந்தார். கையில் லெப்டொப் இல்லை. தாடி வழிக்கவில்லை.

"சொன்னனான், அம்மா. எல்லாம் சொன்னனான். இவவைத்தான் கட்டுவன் எண்டும் சொன்னனான்."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"ஒண்டும் சொல்லேல்ல. கதைக்கிறதையே நிப்பாட்டிப்போட்டா. பத்து நாளா எடுக்கிறன், வைச்சிடுறா."

அதைக் கேட்டபோது முதல்தடவையாக அவரைப் பெற்ற அந்தப் பெண்பிள்ளையின்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. கோபம் வந்தால் நானும் அப்படித்தான்.

"போனப் போட்டு என்கிட்ட குடுங்க" என்றேன்.

மகள் "அம்மா, வேணாம்மா" என்றாள். இருபத்தொரு நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அந்தப் பக்கம் மணி நெடுநேரம் அடித்தது. பிறகு எடுத்தாள்.

"பொண்ணோட அம்மா பேசுறேங்க" என்றேன். "உங்க மகன் நல்லா இருக்காரு. வைக்காதீங்க, நான் கெஞ்ச வரல. உங்க மகன் தனியா வந்து பொண்ணு கேக்குறாரு. நான் குடுக்க மாட்டேன்னு சொல்லத்தான் எடுத்தேன். நீங்க தட்டோட வந்து என் வீட்டுல உட்கார்ந்து கேட்டாத்தான் குடுப்பேன்."

"நாங்கள் ஏன் உங்கட இடத்துக்கு வரவேணும்? நாங்கள் வரமாட்டம்."

"அப்ப நானும் குடுக்க மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான். யோசிச்சு வைங்க. அடுத்த ஞாயிறு இதே நேரம் எடுக்குறேன்."

எடுத்தேன். எடுத்தாள். என் சாதிசனம் என்ன, சொந்த இடம் எது என்று கேட்டாள். என் பாட்டனார் இந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்த பாதையைச் சொன்னேன். உங்கள் ஆட்கள் எந்தப் பாதையில் வந்தார்கள் என்று கேட்டேன். வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த ஞாயிறு அவளே எடுத்தாள். பெண் கறுப்போ என்று கேட்டாள். உங்கள் மகனைவிட ஒரு நிறம் கூட என்றேன். அவனுக்கு உறைப்பு ஒத்துவராது என்றாள். இங்கே மூன்று தரம் வாங்கித் தின்கிறார் என்றேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஜப்பான்காரன் படத்திலும் இப்படி ஒரு சண்டையைப் பார்க்கவில்லை என்றான். வாத்தியாரும் மகளும் ஆளுக்கொரு மூலையில் மூச்சுக்காட்டாமல் இருந்தார்கள். மீதிக் கதைகளைப் பார்க்க யாருக்கும் நினைப்பு வரவில்லை. அவை அப்படியே கிடந்தாலும் ஒரு நட்டமும் இல்லை.

போன ஞாயிறு அவள் எடுத்ததும், "யாழ்ப்பாணத்தில இருந்து உங்கட இடத்துக்கு வர எத்தனை மணித்தியாலம் செல்லும்?" என்றாள்.

"ராத்திரி பஸ்ல கொழும்புக்கு வந்துடுங்க. அங்கேருந்து ஹட்டன் பஸ் ஏறி, யட்டியாந்தோட்டையில எறங்கணும். என் தம்பி வந்து நிப்பான். அவிசாவளை தாண்டுனா வளைவு ஜாஸ்தி, வயித்தப் பெரட்டும். எலுமிச்சங்காய் ஒண்ணு கையில வச்சுக்குங்க."

"தேசிக்காயோ?"

"அதேதான்."

"செவ்வாய்க்கிழமை வரமாட்டம்" என்றாள்.

"வந்தாலும் நான் கதவு தெறக்க மாட்டேன்" என்றேன்.