ஜல்லித் தடுப்பு ஜுலைகா அக்காவுடையது

வண்டிவீட்டின் திரைச்சீலைகளை அலசிக்கொண்டிருந்தேன். ஜுலைகா அக்காவின் தம்பி பைக்கில் வந்தார். இறங்கவில்லை. "தேவி, லாத்தா மௌத்தாயிட்டாங்க" என்றார். நான்கே நாள் காய்ச்சலில் அக்கா இறந்துபோனார். முந்தின நாள் மாலைகூட ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, "ஞாயித்துக்கெழம வேளாங்கண்ணிக்கு ஆள் வர்றாங்க. மெத்தைய வெயில்ல போட்டியா, இல்ல வாயத் தொறக்காம ஒக்காந்திருக்கியா?" என்று கேட்டவர். தம்பி போன பிறகும் என் கை அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தது. அதில் தண்ணீர் வருவது நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

இதைப் படிக்கும் பலர் அந்த வண்டிவீட்டில் போனவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவின் கணவர் சபரில், வெளிநாட்டு வேலையில், இருக்கிறார். அவர் அனுப்பியதில் அக்கா வாங்கியது, ஜீப்பின் பின்னால் பூட்டி இழுத்துப்போகும் ஒரு சின்ன வீடு. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. வயதானவர்களை அழைத்துக்கொண்டு நாகூர், திருநள்ளாறு, வேளாங்கண்ணி என்று போகும் குடும்பங்கள் அதை வாடகைக்கு எடுக்கும். ஜீப்பை அக்காவே ஓட்டுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, வண்டிவீட்டைக் கழுவித் துடைத்துக் கூடப் போவது வேலை. என்னை அவர் 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடுவார். மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால் அவர்களைத் திட்டுவார்.

அவரைப் பற்றி இனிமையாக எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மைக் பிடித்துப் பேசியதைக் கேட்ட பிறகு இனிமை வரவில்லை. அந்தப் பட்டறைக்காரரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அக்காவுக்கான இந்த நினைவுப் பக்கத்தில் அவருக்கு ஓர் எழுத்துகூடக் கொடுக்க மனமில்லை. அவருக்கு இது தன்னைத்தான் என்று தெரியும். அது போதும்.

நெடுங்காட்டுப் பக்கம் ஒரு சாலையில் ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தார் போடாமல் மாதக்கணக்கில் விட்டிருந்தார்கள். முதல் முறை அதில் போய் வந்தபோது வண்டிவீட்டின் முகமெல்லாம் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. ஒரு கல் தண்ணீர்க் குழாயின் திருகையும் உடைத்திருந்தது. வண்டியில் வந்த பெரியம்மா தொழுகைக்கு முன் ஒலு செய்யக் குழாயைத் திருப்பினார். எல்லாம் வழியிலேயே ஒழுகிப்போய், சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிரே வந்த லாரிகள்தான் கல்லை அடித்தன என்று எல்லோரும் சொன்னோம். அக்கா நம்பவில்லை. மறுநாள் காவியைக் குழைத்து ஜீப்பின் பின்சக்கரங்களில் அப்பினார். அதே சாலையில் ஓட்டினார். நிறுத்திப் பார்த்தால் வண்டிவீட்டின் வெள்ளை முகத்தில் சிவப்புப் புள்ளிகள்.

"பாத்தியாடி? வெளியாள் யாரும் இல்ல. நம்ம ஜீப்பே நம்ம வீட்டக் கல்லால அடிக்குது" என்றார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. தன்னை அடித்ததைச் சும்மா விடுகிற ஆள் அல்ல அவர்.

நேரே பட்டறைக்குப் போனோம். ஜீப்பின் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தரையைத் தொட்டும் தொடாமலும் ரப்பர் தொங்க வேண்டும் என்று அக்கா கையால் அளந்து காட்டினார். பட்டறைக்காரர் தம் ஆட்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாருங்கப்பா, ஜீப்புக்குப் பாவாட கட்டணுமாம்! பொம்பள ஓட்டுற வண்டில்ல, மானத்தோட போவணும்."

அங்கிருந்த ஆறேழு பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "கட்டித் தர முடியுமா, முடியாதாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் முடியாது என்று சொல்லி, வண்டிவீட்டின் முகத்தில் ஒரு தகரத்தட்டியை முடுக்கி அனுப்பினார்.

முதல் பயணத்திலேயே ஒரு கல் அந்தத் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்து ஜீப்பின் பின்கண்ணாடியை நொறுக்கியது. பின்சீட்டில் நான் இருந்தேன், என் மடியில் ஒரு குழந்தை. கண்ணாடித் துகள்களை அக்கா என் தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். மறுநாள் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்ப் பட்டறை வாசலில் போட்டார்.

"ஒங்க தட்டி கல்ல நிறுத்தலைங்க. திருப்பி அனுப்புது."

"ஓட்டத் தெரியலைன்னா கண்ணாடி ஒடையத்தாம்மா செய்யும்" என்றார் அந்த மனிதர்.

திரும்பும் வழியில் அக்கா சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "கல்லுகூடப் பரவாயில்லடி, மேல பட்டாத்தான் வலிக்கும். இவன் சொல்லு வீடு வரைக்கும் கூட வருது."

பிறகு நாங்களே செய்தோம். டயர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கி, ஒரே பாளமாகத் தொங்கவிட்டோம். வேகம் எடுத்ததும் அது காற்றில் மேலே எழும்பிவிட்டது. பின்சீட்டிலிருந்து "பறக்குது, பறக்குது!" என்று கத்தினேன். அக்கா பிரேக் போட்டுவிட்டுத் திரும்பி, "ஒனக்குத் தொண்ட இருக்காடி!" என்றார். பாளத்தைப் பட்டைகளாகக் கீறினோம். அப்போதும் பறந்தது. ஒரு நாள் மீன்பிடித் துறையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி நின்றவர், என் தோளில் ஓங்கித் தட்டினார். வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டுகள்! கடலுக்குள் வலையை இழுத்துப் பிடிக்கிற ஈயம், காற்றில் ரப்பரை இழுத்துப் பிடிக்காதா? ஒவ்வொரு பட்டையின் அடியையும் மடித்து, உள்ளே ஈயம் வைத்து, வலை நூலால் தைத்தார். அதற்குப் பிறகு ஒரு பட்டையும் எழும்பவில்லை.

அப்படியும் ஒரு தப்பு செய்தோம். ஜீப் காலியாக நிற்கும்போது உயரத்தை அளந்துவிட்டோம். விழிதியூர்க் குடும்பம் ஒன்று ஏறி உட்கார்ந்ததும் ஜீப் அமுங்கி, பட்டைகள் தரையில் இழுபட்டு ஒரே நாளில் தேய்ந்தன. "ஆள ஏத்திட்டு அளக்கணும். காலி வண்டி பொய் சொல்லும்" என்றார். மறுபடி முதலிலிருந்து தைத்தோம்.

அதன்பின் நெடுங்காட்டுச் சாலையில் எத்தனையோ முறை போனோம். வண்டிவீட்டில் ஒரு புதுத் தழும்பு விழவில்லை. மற்ற டிரைவர்கள் குனிந்து பார்த்துப் போனார்கள். ஒரு முறை சக்கரம் சரிபார்க்க ஜீப்பை விட்டிருந்த இடத்தில் பட்டறைக்காரர் போனில் படம் எடுத்ததை நான் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அடுத்த மாதம் அவர் பட்டறை வாசலில் அதே பட்டைகள் தொங்கின. 'எங்கள் சொந்தத் தயாரிப்பு' என்று பலகையும் இருந்தது. அக்கா ஜீப்பை நிறுத்தி உற்றுப் பார்த்தார்.

"ஈயத்த விட்டுட்டாண்டி! வெறும் பட்டய வெட்டித் தொங்க விட்டிருக்கான். பறக்கட்டும். என் வாசல்ல வந்து கேக்கட்டும், அப்பறம் பாப்போம்."

அவர் கேட்க வரவில்லை. அக்கா இருந்தவரை வரவில்லை.

வேன் ஸ்டாண்டில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பட்டறைக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, "அந்தம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி. வண்டிய கல்லு அடிக்குதுண்ணேன்னு கண்ணு கலங்கி வந்து நின்னாங்க. ஜீப்புக்குப் பாவாட மாதிரி ஒண்ணு கட்டிப் பாருங்கன்னு நான்தான் யோசன சொன்னேன். இன்னைக்கு அத ஊரே கட்டுது" என்றார். கைதட்டினார்கள். பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கவில்லை. அக்கா கண் கலங்கவில்லை, நீ சிரித்தாய் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. அந்த நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

ஒரு வாரம் கழித்து அவர் வண்டிவீடு நிற்கும் இடத்துக்கே வந்தார். அதற்குள் பட்டைகளைக் கழற்றி வண்டிவீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன்.

"பாப்பா, அந்தப் பட்டைக்கு அடியில என்ன வெச்சுத் தைச்சிருந்தாங்க? நம்மகிட்ட வாங்கினவங்கள்லாம் பறக்குதுன்னு கொண்டாந்து போடுறாங்க."

"தெரியாதுங்க."

"கூடவே இருந்த புள்ள, தெரியாதுங்கிறியே. பட்டறைக்கு வா, வேல போட்டுத் தர்றேன்."

"தெரியாதுங்க."

அவர் போகும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நின்றது. நான் சொல்லாவிட்டால் அவர் என்றைக்காவது ஒரு பட்டையைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அன்றைக்கு ஈயமும் அவருடையதாகிவிடும். பூட்டி வைத்தால், அதை எடுத்துக்கொள்ள அவர் ஒருவர்தான் காத்திருப்பார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் அவரிடம் விற்க ஒன்றும் இருக்காது. அதனால் கொடுக்கிறேன்.

பழைய லாரி டியூபை நான்கு விரல் அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஒரு விரல் ஏறும்படி, ஜீப்பின் பின்பம்பருக்கு அடியில் குறுக்குக் கம்பி முடுக்கி வரிசையாகத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பட்டையின் அடியிலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு மூன்று வைத்து, வலை நூலால் இரட்டைத் தையல் போடுங்கள். ஆட்களை ஏற்றி உட்காரவைத்த பிறகு, தரைக்கு மேல் நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி அளந்து வெட்டுங்கள். புகைக்குழாய்க்கு நேரே வரும் பட்டையைக் குட்டையாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் உருகும். வண்டியைப் பின்னால் எடுக்கும் முன் பட்டைகளைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். ஜல்லியில் மெதுவாகத்தான் போக வேண்டும். இதற்கு எந்தப் பட்டறையும் தேவையில்லை. தைக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், தைத்துத் தருகிறேன். செய்தது யார் என்று எவராவது கேட்டால் ஜுலைகா என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒன்றும் தர வேண்டாம்.

பட்டறைக்காரரும் இதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். அக்காவின் பெயரைப் படித்துவிட்டுத்தான் அவர் இந்த அளவுகளுக்கு வந்து சேர முடியும்.

அக்காவிடம் இருந்ததை எல்லாம் இங்கே கொடுத்துவிட்டேன். அவருடைய கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அதை யாருக்கும் தர மாட்டேன்.