அக்காவை நான் பாம்புன்னு சொன்னேன்

எங்க தேயிலத் தோட்டத்து லயத்துல வெளக்கு வச்சதுக்கு அப்புறம் யாரும் பாம்புன்னு பேர் சொல்ல மாட்டாங்க. பூச்சின்னுதான் சொல்லுவாங்க. "தண்ணிக் கானுக்குள்ள பூச்சி போகுது, பாத்து வா"ன்னா சின்னப் புள்ளைக்குக் கூட வெளங்கும். கடிச்சா ஆளைக் கொல்றதுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு நல்ல பாம்பு. புள்ளைங்க வயித்துல நெளியிற புழுவும் எங்களுக்குப் பூச்சிதான். அதுக்குப் பள்ளிக்கூடத்துல குடுக்குறது பூச்சி மாத்திர. கல்யாணம் முடிச்சு வந்தவளுக்கு நாலு மாசம் போயிருச்சுன்னா, பீலியில தண்ணி புடிக்கிற பொம்பளைங்க கேக்குறதும் அதுதான்: "என்ன புள்ள, வயித்துல புழு பூச்சி ஏதும் உண்டா?" புள்ளன்னு வாயத் தொறந்து கேட்டா கண்ணு பட்டுருமாம். அதனால புழு பூச்சி.

என்னை அப்படி ஏழு வருசம் கேட்டாங்க. மொதல்ல சிரிச்சேன். அப்புறம் பேசாம இருந்தேன். அப்புறம் கேட்டவள வாய்க்கு வந்தபடி ஏசினேன். என் வாய் பொல்லாத வாய்னு தோட்டத்துக்கே தெரியும். கொழுந்து நிறுக்குறப்ப கங்காணியே என்கிட்ட ரெண்டு அடி தள்ளித்தான் நிப்பார்.

பதுளையில இருந்து ஸ்பிரிங்வெளி பக்கம் வர்ற பஸ்ஸுல ஏறி, பாதி வழியில எறங்கி, கொஞ்ச தூரம் மேல நடந்தா எங்க லயம். எனக்கும் எங்க அக்காவுக்கும் பக்கத்து பக்கத்து காம்பரா. நடுவுல ஒரு செவுருதான். அவ இருமினா எனக்குக் கேக்கும், நான் சட்டி கழுவுனா அவளுக்குக் கேக்கும். அக்காவுக்கு ஒரே மக. பேச்சுல அக்கா எனக்கு நேர் எதிர். பத்து வார்த்த சொல்ற எடத்துல ஒண்ணு சொல்லுவா, அதையும் மெதுவா சொல்லுவா.

எட்டாவது வருசம் எனக்கு நாள் தள்ளிப் போச்சு. நான் மொதல்ல சொன்னது எங்க வீட்டுக்காரர்கிட்ட இல்ல, அக்காகிட்ட. அவ என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. அன்னிலருந்து எனக்குத் தண்ணி தூக்க விடல, வெறகு பொறுக்க விடல. மலையில அவ கூடை நெரம்புன கையோட என் கூடையிலயும் ரெண்டு புடி கொழுந்து போடுவா. மூணு மாசம் நான் மகராணிதான் போங்க.

ஒரு மத்தியானம் அடுப்படி மூலையில இருந்த வெறகுல கைய வச்சேன். கட்டைக்கு நடுவுல இருந்து படம் எடுத்து நின்னுச்சு. நல்ல பாம்பு. என் கைக்கும் அதுக்கும் ஒரு சாண் இல்ல. நான் கத்தக்கூட இல்ல. எப்படித்தான் தெரிஞ்சுதோ, அக்கா பின் கதவால கவ்வாத்துக் கத்தியோட வந்தா. ஒரே வெட்டு. அப்புறமும் அது துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அக்கா என்னைப் புடிச்சு இழுத்து வாசல் இஸ்தோப்புல ஒக்கார வச்சுட்டு, போய் ஒரு பழைய வெள்ளத் துணியில அதச் சுத்தி, வாயில ஒரு காசு வச்சு, பால் ஊத்திப் பொதைச்சா. செய்ய வேண்டிய மொறைய எல்லாம் செஞ்சா.

ஆனா லயத்துல பேச்சு ஆரம்பிச்சிருச்சு. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல உசிரைக் கொல்லக் கூடாது, அதுவும் நல்லதக் கொல்லவே கூடாது, புருசன்காரனே அந்த நேரத்துல கத்தியத் தொட மாட்டான், இவ இப்படிப் பண்ணிட்டாளேன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க. நான் காதுல போட்டுக்கல. போட்டுக்கலன்னுதான் நெனைச்சேன்.

மூணாவது வாரம் கொழுந்து மலையில வச்சே எனக்கு வயித்து வலி வந்துச்சு. கொழுந்து லொறியில ஏத்தி பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. வழியெல்லாம் அக்கா மடியிலதான் என் தல இருந்துச்சு. போகும்போது ரெண்டு உசிரு, வரும்போது ஒண்ணு.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் பீலிக்குப் போனேன். அக்கா கொடத்தோட நின்னா. "நீ ஏன் வந்த, நான் கொண்டாந்து தர்றேன்"னு சொல்லி என் கொடத்த வாங்க வந்தா. சுத்தி ஏழெட்டுப் பொம்பளைங்க. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல.

"நீதான்டி பாம்பு," ன்னேன். "வெறகுல இருந்தது பாம்பு இல்ல. அது என்னை ஒண்ணும் பண்ணல. நீதான் என் வயித்துல இருந்த புழு பூச்சியக் கொத்தித் தின்னுட்ட."

அக்கா கொடத்த அப்படியே பீலிக்குக் கீழ வச்சுட்டு காம்பராவுக்குப் போயிட்டா. தண்ணி நெரம்பி வழிஞ்சு ஓடுச்சு. யாரும் அத எடுக்கல.

அன்னிலருந்து நான் அவகூடப் பேச்ச விட்டேன். தீவாளிக்குப் பலகாரம் குடுத்தனுப்புவா, தட்டோட திருப்பி அனுப்பிடுவேன். காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல ஒரே வரிசையில நின்னாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன். அவ அதுக்கெல்லாம் கோவிக்கல. நான் சொன்னத அப்படியே நம்பிட்டா. அதுதான் எல்லாத்துலயும் மோசம். நான் கோவத்துல எறிஞ்ச வார்த்தைய அவ எடுத்து மடியில கட்டிக்கிட்டா.

பெரிய பள்ளத்துக்குக் கீழ, பழைய பலா மரத்தடியில ஒரு புத்து இருக்கு. வெள்ளிக்கெழம தவறாம பெரட்டுக்கு முந்தி அங்க போய்ப் பால் ஊத்திட்டு வருவா. மழையா இருந்தாலும் போவா. அப்புறம் எந்த உசிரையும் கொல்றத விட்டுட்டா. மலையில கால்ல அட்ட ஏறுனா நாங்க உப்போ சவுக்காரமோ தேச்சுச் சாகடிப்போம். அவ பிச்செடுத்து கானுக்குள்ள விடுவா, ரத்தம் ஒழுக ஒழுக. முட்டக்கோவா நறுக்கும்போது புழு இருந்தா, அத எலையோட எடுத்துக்கிட்டுப் போய் தோட்டத்துச் செடியில விட்டுட்டு வந்துதான் மிச்சத்த நறுக்குவா. அவளுக்குக் கொஞ்சம் கழண்டு போச்சுன்னு லயத்துல சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஊத்தட்டும், நல்லா ஊத்தட்டும்னு செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தமாவே சொல்லியிருக்கேன். அவளுக்குக் கேட்டிருக்கும்.

இப்படியே பதினோரு வருசம் ஓடிச்சு. எனக்கு அப்புறம் ஒண்ணும் தங்கல. நாப்பது வயசுல ரத்தப் போக்கு நிக்காமப் போக, மறுபடி பதுளைக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. சின்ன வயசு லேடி டொக்டர், தமிழ்ல நல்லாப் பேசுனாங்க. பொறவியிலயே என் கர்ப்பப்பைக்கு நடுவுல ஒரு தடுப்பு இருக்காம். அதனாலதான் அன்னிக்குப் புள்ள தங்கல, அதனாலதான் அதுக்கப்புறமும் தங்கலன்னு ஸ்கேன் தாள்லயே படம் போட்டுக் காட்டி என் கையில குடுத்தாங்க. நான் வெக்கத்த விட்டுக் கேட்டேன்.

"வீட்டுல நல்ல பாம்ப அடிச்சா புள்ள கலையுமா டொக்டர்?"

அவங்க சிரிக்கல. "அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லம்மா. யார் மேலயும் தப்பு இல்ல. இத்தன வருசமா யாரையாவது நெனைச்சுக்கிட்டு இருந்தீங்களா?" ன்னு கேட்டாங்க.

நான் அந்த நாற்காலியில புழுவா நெளிஞ்சேன். இல்லன்னு தலையாட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் ஒரே நெனைப்புதான். எறங்குன ஒடனே நேரா அக்கா காம்பராவுக்குப் போகணும், கால்ல விழுந்தாவது சொல்லிடணும். லயத்துக்கு வந்தா அக்கா பீலியில நிக்கிறா. கூட நாலஞ்சு பேரு. எல்லாருக்கும் முன்னால வச்சுத்தானே பாம்புன்னு சொன்னேன், எல்லாருக்கும் முன்னால வச்சுத்தானே அதத் திருப்பி எடுக்கணும். என் கால் நகரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு உள்ள போயிட்டேன்.

நாளைக்கு நாளைக்குன்னே போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் சொன்னேன். அவர், அது பாவம்ல, போய்ச் சொல்லிடுன்னார். உங்க வேலையப் பாருங்கன்னு அவர் வாய அடைச்சேன். உள்ளத உள்ளபடி சொல்லிடுறேன், இதுல மறைக்க என்ன இருக்கு. அந்தப் பதினோரு வருசமும் ஊரு என்னை அய்யோ பாவம்னு பாத்துச்சு. என் கோவத்துல ஒரு நியாயம் இருந்துச்சு. சொல்லிட்டா அந்த நியாயமும் போயிரும், நான் வெறும் பொல்லாத வாய்க்காரி ஆயிருவேன். அதுக்காக ஒருத்திய வெள்ளிக்கெழம தவறாம பள்ளத்துல எறங்க விட்டேன். இன்னொரு ஒம்பது வருசம். கூடப் பொறந்தவள.

போன வருசம் மழைக்காலத்துல அக்காவுக்கு வயிறு வீங்கிச்சு. ஈரல் கெட்டுப் போச்சுன்னாங்க. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொட்டதில்ல, அவளுக்குப் போய் ஈரல் கெடணுமா. ஆஸ்பத்திரியில இருந்து அவ மக போன் எடுத்து, சித்தி, அம்மா உங்கள ஒருக்கா பாக்கணும்னு கேக்குதுன்னுச்சு. இருவது வருசத்துல அக்கா என்னைக் கேட்டது அதுதான் மொத தடவ.

போறப்ப அந்த ஸ்கேன் தாள எடுத்து ஜாக்கெட்டுக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டேன். பழைய தாளு, மடிச்ச எடம் எல்லாம் கிழிஞ்சிருந்துச்சு. இன்னிக்குச் சொல்லாம வரக்கூடாதுன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டேன்.

வார்டுல அக்கா பாதி ஆளா கெடந்தா. கண்ணு ரெண்டும் மஞ்சள். அவ மகள தேத்தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிட்டா. நான் வாயத் தொறக்குறதுக்கு முந்தி என் கையப் புடிச்சா.

"புள்ள, நான் வேணும்னு பண்ணல," ன்னா. "உன் கைக்குப் பக்கத்துல அது நின்னுச்சு. எனக்கு வேற ஒண்ணும் தெரியல. இப்பவாவது மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லேன்."

தாள் என் நெஞ்சுல குத்துது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில நிக்குது. நீ ஒண்ணும் பண்ணலக்கான்னு சொல்லிட்டா, எப்பத் தெரியும்னு கேப்பாளே. ஒம்பது வருசம்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லுவேன். சாகக் கெடக்குறவ மொகம் எப்படி மாறும்னு நெனைச்சுப் பாத்தேன். பயந்துட்டேன்.

"மன்னிச்சிட்டேன்க்கா," ன்னேன்.

அவ கண்ணு கலங்கிச்சு. என் கைய எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல அப்படியே தூங்கிட்டா. பாக்குற நேரம் முடிஞ்சிருச்சுன்னு நர்ஸ் வந்து சொல்ற வரைக்கும் என் கை அங்கதான் இருந்துச்சு. மறுநாள் காலையில போன் வந்துச்சு.

அடிப்பாவின்னு என்னை நானே ஏசிக்கிறேன். இல்லாத குத்தத்துக்கு மன்னிப்புக் குடுத்தவ ஒலகத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அதுவும் பெரிய மனுசி மாதிரி குடுத்தேன்.

காரியம் எல்லாம் முடிஞ்சு ரெண்டு மாசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கெழம காலையில வாசல்ல சத்தம் கேட்டு வெளிய வந்தேன். அக்கா மக நிக்கிறா. கல்யாணம் முடிச்சு பண்டாரவளையில இருக்கா, துணிக்கட ஒண்ணுல வேல. மொத பஸ்ஸப் புடிச்சு வந்திருக்கா. கையில பால் போத்தல். அவ அம்மா வச்சிருந்த அதே போத்தல். ராத்திரி பூரா பெஞ்ச மழையில பள்ளத்துப் பாத சேறும் வழுக்கலுமா கெடந்துச்சு.

இந்த மழையில எதுக்குடி அங்க போறன்னு கேட்டேன். அம்மா முடியாமப் போனதுல இருந்து இவதான் ஊத்துறாளாம். சித்தி மன்னிச்சாலும் பாம்பு மன்னிக்கணும்ல, நிறுத்திடாதன்னு அக்கா சொல்லிட்டுப் போயிருக்கா. இதுவரைக்கும் மாசத்துக்கு ஒருக்கா வந்துக்கிட்டு இருந்தாளாம். இனிமே வாராவாரம் வரப் போறேன்னா. ஏன்னு கேட்டதுக்குக் கீழ பாத்துக்கிட்டு, ரெண்டு மாசமா நாள் தள்ளிப் போயிருக்கு சித்தின்னா. அம்மா பண்ணுனது தன் வயித்துல வந்து விடியுமோன்னு பயமா இருக்காம். தூக்கமே வரலியாம்.

அவ வயித்தப் பாத்தேன். இன்னும் ஒண்ணும் தெரியல. அந்தப் பள்ளத்துல வழுக்கி விழுந்தா என்ன ஆகும்னு நெனைச்சேன். என் வாயில இருந்து போன ஒரு வார்த்த, அக்காவத் தின்னுட்டு இப்ப இவகிட்ட வந்து நிக்கிது.

அவளப் புடிச்சு இஸ்தோப்புல ஒக்கார வச்சேன். உள்ள போய் அந்தத் தாள எடுத்துக்கிட்டு வந்து அவ மடியில வச்சேன். டொக்டர் சொன்னத ஒண்ணு விடாமச் சொன்னேன். உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல, பாம்புக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல, நீ பயப்படாதன்னேன். லயத்துல பொம்பளைங்க ரெண்டு மூணு பேரு நின்னு பாத்தாங்க. பாக்கட்டும்னு சத்தமாத்தான் சொன்னேன்.

அவ தாளப் பிரிச்சு ரொம்ப நேரம் பாத்தா. மேல இருந்த தேதிய வெரலால தடவுனா.

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாதுன்னேன். கடைசியாப் பாக்க வந்தப்ப கூடச் சொல்லலையான்னு கேட்டா. சொல்லலன்னேன். என்னைப் பாம்புன்னு ஏசுவான்னு காத்துக்கிட்டு நின்னேன். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ அம்மா மாதிரியே அவளும் சத்தம் போடல. தாள பழையபடி மடிச்சு என் கையில குடுத்தா. போத்தல்ல இருந்த பால வாசல் கான்ல ஊத்துனா. பைய எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு ரெண்டு படி எறங்கினவ, நின்னு திரும்பிப் பாத்தா.

"நீங்க அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும் சித்தி," ன்னா. "அம்மா குடுத்திருக்கும்."