கொஞ்சம் தள்ளி நில்லுங்க

சிரம்பான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. அதன் பக்கச் சுவரில் இரண்டு ஆண் தலைகளை வரைந்திருந்தார்கள். ஒன்று முடி வெட்டுவதற்கு முன்பு, மற்றது வெட்டிய பிறகு. வெட்டுவதற்கு முன்பு இருந்தவன்தான் சந்தோஷமாக இருந்தான். வெட்டிய பிறகு எதையோ பறிகொடுத்தவன் மாதிரி விழித்துக்கொண்டிருந்தான். நான் முதன்முதலில் படம் பிடித்த சுவர் அதுதான்.

எழுபதுகளின் கடைசி அது. லாபு பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. கிராணி வீடு தொழிலாளர் லயங்களிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருந்தது. மானேஜர் பங்களாவிலிருந்து அதைவிடத் தள்ளி. இரண்டு பக்கமும் ஒட்டிவிடக் கூடாது என்று அளந்து பார்த்துக் கட்டியிருப்பார்கள் போல. விடியற்காலைப் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பில் நின்று, வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். இருநூறு பெயர்கள் இருக்கும். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட அங்கே ஒருவரும் கிடையாது. கிராணி ஐயா, அவ்வளவுதான். தனிமை போகப் போகப் பழகிவிடும் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பழகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆபீசைப் பூட்டும்போதே மறுநாளை எப்படி ஓட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பயந்துதான் கேமரா வாங்கினேன். சிரம்பானில் சீனத் தௌக்கே ஒருவர் நடத்திய ஸ்டூடியோவில், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கேமரா. முடிவெட்டும் கடையில் ஆரம்பித்தது வாராவாரம் பஸ் பிடித்துச் சுவர் தேடிப் போகிற பைத்தியமாகிவிட்டது. டயர் கடையில் ஒரு புலி. சாப்பாட்டுக் கடையில் வாழையிலை, அதில் சாப்பிடுகிற ஆளைவிடப் பெரிய மீன் தலை. கள்ளுக்கடையில் ஒரு தென்னை மரம், அதுவே இரண்டு கிளாஸ் போட்டது மாதிரி சாய்ந்திருக்கும். பின் சந்தில் பிள்ளைகள் கரியால் கிறுக்கிய கப்பலைக்கூட விடமாட்டேன். மற்றவர்கள் அந்தச் சுவர்களில் எச்சில் துப்பிவிட்டுப் போவார்கள். நான் வெயிலில் நின்று அரை மணி நேரம் பார்ப்பேன். நீலத்தில் எங்கே கை நடுங்கியிருக்கிறது, புலியின் மீசையை எத்தனை இழுப்பில் போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கப் பார்க்க, யாரோ பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் ரொம்பக் கறார். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. சைக்கிள்காரர், பாட்டில் பொறுக்குகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, யாராக இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். தமிழரிடம் “கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” மற்றவர்களிடம் மலாயில் “தெப்பி சிக்கிட்.” போகாவிட்டால் போகிற வரைக்கும் முறைத்துக்கொண்டு நிற்பேன். படம் கழுவித் தருகிற தௌக்கே ஒவ்வொரு முறையும் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, “ஓராங் மானா?” என்று சிரிப்பார். ஆளெல்லாம் எங்கே என்று கேட்கிறார். கலை என்றால் அப்படித்தான் என்று எனக்குத் தெரிந்த மலாயில் பெரிதாக விளக்குவேன். அது பொய். ஆட்களைப் படம் பிடித்தால் ஒவ்வொருவரும் யாரோடாவது தோளை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். எடுக்கிற நான் மட்டும் இந்தப் பக்கம். அதை உள்ளங்கை சைசில் கழுவிக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. சுவர் என்றால் எனக்குச் சமமாகத் தனியாக இருந்தது.

இரண்டு மூன்று வருஷம் போன பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நல்ல சுவர்கள் பலவும் ஒரே கையின் வேலை. அந்தக் கை வரைந்த யாருக்கும் கால் இருக்காது. புலி புல்லுக்குள் நிற்கும். மீன் தலை சாப்பிடுகிறவர் மேசைக்குப் பின்னால் இருப்பார். லட்சுமியின் பாதத்தைத் தாமரை மூடியிருக்கும், முருகனின் பாதத்தை மேகம்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரை மந்தினில் பார்த்தேன். மளிகைக் கடைச் சுவரில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தார். என்னைவிட இளையவர், ஒல்லி, பெயிண்ட் பட்ட பனியன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்து, வெட்டப் பிடிக்காமல் பிரஷைத் தூக்கியவர். நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏன் நீங்க யாருக்குமே கால் போடறதில்ல?”

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. “வரமாட்டேங்குது ஐயா. எப்படிப் போட்டாலும் கோணிக்குது. புல்லு போட்டு மறைச்சிட்டா யாரும் கேக்கறதில்ல. நீங்கதான் கேட்ட மொத ஆளு.”

அதன் பிறகு எங்கே வேலை நடக்கிறது என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். நானும் போவேன். எட்டு ஒன்பது வருஷம் அப்படிப் போயிருக்கிறது. நண்பர்கள் என்று சொல்ல முடியாது. அவர் என்னை ஐயா என்றார், நான் அவரை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் ஏணி மேலிருந்தே சிரிக்கிற ஒரே ஆள் அவர்தான். வேலை முடிந்ததும் நான் கேமராவை எடுப்பேன். ஏணி, பெயிண்ட் டின்கள், பழந்துணி எல்லாவற்றையும் அவரே அப்புறப்படுத்துவார். ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஐயா, நானும் ஒரு ஓரமா நிக்கவா?”

“வேணாம்லா. ஆளு நின்னா கண்ணு ஆளுகிட்ட போயிடும். ஒங்க வேலதான் தெரியணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“அதுவும் சரிதான்,” என்று சிரித்துக்கொண்டே தள்ளிப் போனார். நான் சொன்னதைவிட இரண்டு எட்டு அதிகமாகவே போனார்.

ஒரே ஒரு தடவைதான் அவர் தள்ளிப் போகவில்லை. சுவா பக்கம் ஒரு தோட்டத்து முனியாண்டி கோயில். பின் சுவர் முழுக்க முனியாண்டியை எழுதிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள், முறுக்கின மீசை, வழக்கம்போல் முழங்காலுக்குக் கீழே புல். நான் போய்ச் சேர்ந்தபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. திரும்புகிற பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. அவர் ஏணியில் நின்று சாமிக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். இறங்கச் சொன்னேன்.

“கண்ணு தொறக்குறப்ப பாதியில எறங்கக் கூடாது ஐயா. சாமி ஒரு கண்ணோட நிக்கும். சித்த இருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் நின்ற ஏணிக் கட்டைக்குக் கீழே தெரிந்த பாதிச் சுவரை மட்டும் குறி வைத்து ஒரு படம் எடுத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலேயே பஸ்ஸுக்கு ஓடினேன். என்னுடைய பழைய கேமராவில் கண்ணாடி வழியாகத் தெரிவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் படத்தில் விழும். கழுவி வந்ததைப் பார்த்தால், மேல் ஓரத்தில் ஏணியின் குறுக்குக் கட்டையும் அதன் மேல் இரண்டு கால்களும். கெட்டுப்போன படங்களுக்கென்று வைத்திருந்த கவருக்குள் அதைத் தள்ளினேன். என்றைக்காவது கத்தரித்துவிடலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் மந்தின் மேட்டில், மழையில் அவருடைய மோட்டார் சைக்கிள் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. எப்போதும் சொல்லி அனுப்பியவர் அவர்தான்.

எட்டு ஒன்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு என் வாசலில் வந்து நின்றார். மந்தினிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். படம் வரைந்தவருடைய சம்சாரம். விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்று தரையில் உட்கார்ந்தார்.

“வர்ற ஞாயித்துக்கெழம கருமாதி, கிராணி ஐயா. மால போட ஒரு போட்டோ இல்ல. கல்யாணப் போட்டோ மழ ஒழுகி கண்ணாடியோட ஒட்டிக்கிச்சி. உரிச்சா மொகமும் சேந்து உரிஞ்சி வந்துடுச்சி. அடையாளக் கார்டு ஐசில ஒண்ணு இருந்திச்சி. சாவு பதியப் போனப்ப எங்கண்ணன் அத போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துட்டாரு. குடுக்கணும்னு கேட்டாங்களாம். அதுக்கு முன்னுக்கு ஸ்டூடியோவுக்கு எடுத்துட்டுப் போயி பெருசு பண்ணணும்னு ஒருத்தருக்கும் தோணல. திரும்பப் போயி கேட்டா, அனுப்பியாச்சிங்கிறாங்க.”

பிள்ளைக்கு ஒரு வயசுதான் இருக்கும். என் சட்டைப் பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இவ நாளைக்கு அப்பா எங்கன்னு கேப்பா. நீங்கதான் அவர நெறைய போட்டோ எடுத்திருக்கீங்களே. வீட்ல எப்பவும் சொல்லுவாரு. கிராணி ஐயா என்னைய வுடமாட்டாரு, எங்க வேல செஞ்சாலும் வந்து படம் புடிப்பாருன்னு.”

உள்ளே போய்ப் படங்கள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். தரையில் ஒவ்வொன்றாகப் பரப்பினேன். அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

“இது அவரு போட்ட புலி. இது சாப்பாட்டுக் கட. இந்த லச்சுமி போட்டப்ப நான் மாசமா இருந்தேன்.” ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். “இதுல அவரு எங்க ஐயா?”

“இங்கதான். இந்தப் பக்கம் நிக்கிறாரு,” என்று நான் படத்துக்கு வெளியே தரையைக் காட்டினேன். அவர் அந்தத் தரையைப் பார்த்தார்.

முப்பதுக்கு மேல் படங்கள். எதிலும் அவர் இல்லை. நான் பொய் சொல்லாமல் சொன்னேன். “நாந்தான் அவர தள்ளி நிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும்.” அந்தப் பெண் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, “அவருக்கு அப்பிடித் தோணலையே ஐயா,” என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் அந்தக் கெட்டுப்போன படங்களின் கவர் ஞாபகம் வந்தது. தேடி எடுத்தேன். கீழே முனியாண்டியின் காலை மறைத்த பச்சைப் புல். மேலே ஏணிக் கட்டையில் உண்மையான இரண்டு கால்கள், குதிகால் வெடிப்பில் பெயிண்ட், வலது கட்டைவிரலில் நகம் பாதிதான். கொடுக்கவே கூச்சமாக இருந்தது. அவர் வாங்கிப் பார்த்தார். அதுவரைக்கும் அழாத பெண் அப்போதுதான் அழுதார்.

“அவருதான். இந்த நகம் பேந்தப்ப நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டேன்.”

மறுநாள் வேலை முடிந்ததும் சிரம்பானுக்குப் போய்த் தௌக்கேயிடம் அந்த மேல் ஓரத்தைக் காட்டி, இதை மட்டும் பெரிதாக வேண்டும் என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சிரிக்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை.

கருமாதியன்று கண்ணாடி போட்ட படத்தை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போனேன். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மொகம் இல்லாத படத்துக்கு மாலையா, பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க என்று ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னார். அந்தப் பெண் படத்தை வாங்கி, சுவரில் சாய்த்து, மாலை போட்டு, விளக்கு வைத்தார். பிறகு பிள்ளையைத் தூக்கி வந்து அதன் கையில் பூவைக் கொடுத்தார். மற்ற வீடுகளில் காலில் போடு என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும். இங்கே பிள்ளை பூவை எப்படிப் போட்டாலும் அப்பாவின் காலில்தான் விழுந்தது. அந்தப் பெரியம்மாவும் கொஞ்ச நேரத்தில் குனிந்து கும்பிட்டுவிட்டார்.

நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் யார் என்று தெரியாது, ஆனால் சாம்பார் வாளியை எனக்காக நிறுத்தினார்கள். புறப்படும்போது அந்தப் பெண் வாசல் வரைக்கும் வந்தார்.

“கிராணி ஐயா, ஊரையெல்லாம் படம் புடிக்கிறீங்க. ஒங்கள யாராச்சும் எடுத்திருக்காங்களா?”

சும்மா, வழியனுப்பக் கேட்ட கேள்விதான். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த டின்னில் இல்லை. ஊரில் இல்லை. யாருடைய வீட்டுச் சுவரிலும் இல்லை.

“இருக்கு,” என்றேன். “ஐசில ஒண்ணு இருக்கு.”

அது கடைசியில் எங்கே போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.