முப்பத்தேழாம் எண் சாலையில் எங்கள் அக்கா

அக்கா பிறந்தது பழநிப் பக்கத்துக் கீரனூரில். இளவயதில் அப்பாவை இழந்ததும், டியூஷன் எடுத்துக்கொண்டே படித்துப் புவியியல் ஆசிரியை ஆனார். தம்பியான என்னையும் படிக்கவைத்தார். பிற்பாடு நாகல் நகரில் எங்களோடுதான் வாழ்ந்தார்.

சாலை எண்கள் என்றால் அவருக்கு உயிர். தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வந்து, மதுரைச் சாலை ஏழிலிருந்து நாற்பத்து நான்காகவும், பழநிச் சாலை இருநூற்று ஒன்பதிலிருந்து எண்பத்து மூன்றாகவும் மாறியபோது வீட்டில் திருவிழாதான்!

"இரட்டைப்படைன்னா வடக்கு தெற்கு, ஒத்தைப்படைன்னா கிழக்கு மேற்கு. அம்புட்டு அழகா அடுக்கியிருக்காங்கடா!"

"அப்ப மாநில நெடுஞ்சாலை?"

"அதுக்குப் பழைய நம்பர்தான். மைல்கல்லோட தலை பச்சையா இருக்கும்."

அதற்கடுத்த மழைக்காலத்தில், நிறைமாதமாக இருந்த என் மனைவியைத் தாராபுரத்திலிருந்து நானும் அக்காவும் காரில் அழைத்து வந்தோம். வழியில் வலி கண்டுவிட்டது. காரும் நின்றுவிட்டது. சுற்றிலும் முருங்கைத் தோட்டம், கொட்டும் மழை. 108-ஐ அழைத்தேன்.

"தாராபுரம் ரோடுங்க..."

"பழநியில இருந்து போற ரோடா சார்?"

அக்கா போனைப் பிடுங்கினார்.

"அது இல்லீங்க! மாநில நெடுஞ்சாலை முப்பத்தேழு, ஒட்டன்சத்திரம் ரோடு. செத்த இருங்க!"

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் ஓடினார்.

"ஒட்டன்சத்திரம் பதினொன்னுன்னு கல்லு இருக்குங்க. அங்கனயே நிக்கிறேன், சிவப்புச் சேலை!"

வண்டி நேராக அவர் முன்னால் வந்து நின்றது. ஒட்டன்சத்திரம் சேருமுன் வண்டிக்குள்ளேயே என் மகள் பிறந்தாள். நனைந்த சேலையோடு அக்கா பிள்ளையைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்.

"ஏ புள்ள, பொறந்த ஊர் எதுன்னு கேட்டா முப்பத்தேழுன்னு சொல்லணும், என்ன!"

பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் பழுதாகி அக்கா மருத்துவமனையில் இருந்த கடைசி நாள்களிலும் அந்த உற்சாகம் குறையவில்லை. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு மாவட்டச் சாலையை மாநில நெடுஞ்சாலையாக உயர்த்தப் போவதாக ஊரில் பேச்சு என்று மகள் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன நம்பராம்?"

"இன்னும் குடுக்கல அத்தை."

"குடுத்ததும் போறோம். முன்சீட்டு எனக்கு!"

மறுநாள் காலை அக்கா ஆண்டவரில் துயில் கொண்டார்.

அவரைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும், எங்களைத் தாங்கிய தேவாலயப் பங்கு மக்களுக்கும், உறவினர்களுக்கும் நன்றி. இன்னும் இருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று மழையில் வந்த ஓட்டுநர் அண்ணே, செவிலியர் அம்மா, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள். பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.