மூன்று விரல் உயரம்

அசோகனுக்கு ஆறடி உயரம். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வெல்டர் வேலை. வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாம் மாடியிலிருந்து தினமும் சைக்கிளில்தான் போவான். கூடவே வருகிறவர் முதல் மாடி கிருஷ்ணப்பன். அதே யார்டில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர், வயது ஐம்பத்தாறு, அசோகனின் தோளுக்குத்தான் வருவார். போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. வீடு திரும்பியதும் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்ட பிறகுதான் அவருக்குச் சோறு.

போன ஆவணியில் லாரிக்கு ஒதுங்கப் போய் அசோகனின் சைக்கிள் ரிம் வளைந்துவிட்டது. அந்தச் சமயம் கிருஷ்ணப்பன் மாதவரத்தில் மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நாலு நாள் என் வண்டிய எட்துகினு போ நைனா. சும்மாதான நிக்கப்போவுது" என்று சாவியைக் கொடுத்தார்.

அந்த வண்டியில் அசோகனின் கால் மடங்கி மடங்கி, தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் தொடை எரிந்தது. அன்று யார்டிலேயே ஸ்பேனரை வாங்கி, சீட்டு நட்டைத் தளர்த்தி மூன்று விரல் உயரம் ஏற்றி இறுக்கினான். அப்புறம் சொகுசாகப் போனது. தன் சைக்கிள் சரியானதும் அவர் வண்டியைக் கொண்டுவந்து விடும்போது சீட்டை இறக்க வேண்டுமென்று ஞாபகம் வந்தது. கையில் ஸ்பேனர் இல்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று மாடியேறிவிட்டான்.

காலையில் அவன் வாயைத் திறப்பதற்குள் கிருஷ்ணப்பன் பெடலில் ஒரு கால் வைத்து உந்தித் தாவி ஏறிவிட்டார்.

"நாலு நாள் ஓட்டாததுல என் வண்டியே புதுசு மாரி கீதுப்பா!" என்று சிரித்தார். அசோகனும் சிரித்தான். யார்டுக்குப் போய் இறக்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு முன்னால் மிதித்தான்.

விடிகாலையில் எந்த சிக்னலிலும் நிற்க வேண்டி வரவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாக நின்றிருந்த டிரெய்லர்களில் ஒன்று திடீரென்று பின்னால் நகர்ந்தது. கிருஷ்ணப்பன் பிரேக் பிடித்துக் காலை ஊன்றப் போனார். கால் தரையைத் தொடவில்லை. சத்தம் கேட்டு அசோகன் திரும்பியபோது அவர் இடது கை மடங்கிக் கிடந்தது.

மணிக்கட்டு முறிவு. ஒன்றரை மாதம் மாவுக்கட்டு. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், கட்டுப் போடும்வரை கூட நின்றதும் அசோகன்தான். அன்று சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன், யாரும் பார்க்காத இடத்தில் நிறுத்தி சீட்டைப் பழைய அளவுக்கு இறக்கினான்.

"நீ இல்லன்னா இன்னா ஆயிருக்கும்ப்பா" என்று கிருஷ்ணப்பனின் மனைவி தாயம்மா காபி கொடுத்தார். அவன் அதைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு முதல் மாடியைக் கடக்கும்போதெல்லாம் செருப்புச் சத்தம் கேட்காமல் ஏறினான்.

மூன்றாவது வாரம் கிருஷ்ணப்பனே கூப்பிட்டனுப்பினார்.

"வண்டிய வித்துரலாம்னு கீறேன் அசோகா. ரிவர்ஸ்ல வர்ற லாரிய பாத்துகூட கால் ஊனத் தெரில. வயசாயிப் பூட்ச்சி." முட்டியைத் தடவிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் புரில. அன்னிக்கி வழி பூரா முட்டி வலிக்கவே இல்ல" என்றார்.

அசோகனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "உனுக்கு வயசாவல ண்ணா. சீட்ட ஏத்தனது நானு. அன்னிக்கே இறக்கி வெச்சவனும் நான்தான்."

கிருஷ்ணப்பன் அவனையே பார்த்தார். "ஏத்தனது போவட்டும். மூணு வாரமா என்ன கெயவன்னு நெனைக்க வுட்டியே" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தாயம்மா உள்ளே போய்விட்டார். அசோகன் தானாகவே எழுந்து வந்தான்.

கட்டுப் பிரிக்கும்வரை அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அசோகன் தனியாகவே வேலைக்குப் போய் வந்தான். எதிர்க்காற்று அடிக்கிற நாட்களில் பக்கத்தில் ஆள் இல்லாதது அதிகமாகத் தெரிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, கீழேயிருந்து குரல் வந்தது. "அசோகா! ஸ்பேனர் எட்துகினு எறங்கி வா."

கிருஷ்ணப்பன் சுவரில் சாய்ந்தபடி சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். அசோகன் சீட்டை அரை விரல் அரை விரலாக ஏற்றினான். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும். நின்றால் இரண்டு கால் நுனியும் தரையில் பட வேண்டும். ஒன்றரை விரலில் இரண்டும் சரியாக அமைந்தன. மணிக்கட்டில் பாரம் விழாதபடி ஹேண்டில்பாரையும் உயர்த்தினான்.

குடியிருப்பு மைதானத்தைச் சுற்றி வந்து இரண்டு தடவை நிறுத்தி, ஊன்றிப் பார்த்தார் கிருஷ்ணப்பன்.

"சரியா கீதா ண்ணா?"

"வண்டி சரியா கீது" என்றார் அவர். "நாளைக்கி அஞ்சு மணிக்கு. நீ பின்னால வா."