வாயோடு வந்து போகிற சாமி

பிரெஞ்சு வார்த்தை எதற்காவது யாராவது அர்த்தம் கேட்டால், இனிமேல் ‘தெரியாது’ என்று சொல்லிவிடுவதாக இருக்கிறேன். சமீபத்தில் பட்டது போதும்.

தட்டாஞ்சாவடியில் இரும்பு பீரோ செய்கிற பட்டறை வைத்திருக்கும் இளங்கோ, என்னோடு காலேஜில் படித்தவன். அப்போதிலிருந்தே கறாரான நாத்திகன். ஆயுத பூஜை அன்று அக்கம்பக்கத்துப் பட்டறைகளில் மெஷினுக்குச் சந்தனம் வைப்பார்கள். இவன் பட்டறையில் பிரியாணி போடுவான். வீடு கட்டியபோது பூஜை ரூமுக்கு என்று கொத்தனார் விட்ட இடத்தில் ஃபிரிட்ஜைக் கொண்டுவந்து நிறுத்தினான். மனைவி வசந்தா மட்டும் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு முருகன் படம் ஒட்டி வைத்திருக்கிறாள். இளங்கோவுக்கு அது தெரியும். அந்தக் கதவை மட்டும் அவன் திறப்பதே இல்லை... குடும்பம் என்றால் அப்படித்தானே?

இவர்களுடைய ஒரே மகள் கயல் காதலித்தது பாஸ்கலை. பாஸ்கலின் அப்பா லூயி, லாஸ்பேட்டையில் எங்கள் தெருக்காரர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவுக்கே அவர் ‘முசியே’. பிறந்தது கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனால் கோயிலுக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தன் மனைவி மரியை ஸ்கூட்டரில் கொண்டுபோய்ப் பூசைக்கு விடுவார். பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாஸ்கலும் அப்பா மாதிரிதான்.

பையனுக்கு நம்பிக்கை இல்லை. பெண்ணுக்கு இல்லை. இரண்டு அப்பாக்களுக்கும் இல்லை. ரிஜிஸ்டர் கல்யாணம். இதைவிட லேசான சம்பந்தம் இந்த ஊரில் அமையுமா? இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள், நானும் சாமி இல்லை என்கிற கட்சி — அதனால் பேசி முடிக்கிற அன்று இளங்கோ வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். மொறமொறப்பாகக் கஞ்சி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று போனேன்.

பஜ்ஜி வந்தது. காபி வந்தது. இளங்கோ தன் நிபந்தனையைச் சொன்னான். தாலி, மந்திரம், ஜெபம் எதுவும் கிடையாது. மாலை மாற்றுவது, கையெழுத்துப் போடுவது, எல்லாருக்கும் நல்ல சாப்பாடு. அவ்வளவுதான்.

முசியே இதற்காகவே காத்திருந்தவர் போல நிமிர்ந்தார். மனசு நிறைந்து, “தியே மெர்சி” என்றார்.

‘மெர்சி’ பாண்டிச்சேரியில் யாருக்குத்தான் தெரியாது? இளங்கோவுக்கு அதற்கு முன்னால் இருந்ததுதான் புரியவில்லை. காலேஜில் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான்தானே, என் பக்கம் திரும்பி, தியேன்னா என்ன என்று கேட்டான். நான் காபியைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘கடவுளுக்கு நன்றி’ன்னு அர்த்தம் என்று சொல்லித் தொலைத்தேன்.

கையில் இருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தான் இளங்கோ. சாமி கும்பிடாதவர்னு சொன்னாங்களே, அப்புறம் யாருக்கு நன்றி சொல்றீங்க என்று கேட்டான். முசியே சிரித்தார். அது வெறும் வாய்ப் பழக்கம் சார், சட்டையில காலர் மாதிரி, அதுக்குன்னு ஒரு வேலையும் கிடையாது என்றார். இளங்கோ விடுவானா? இன்னைக்கு வாய்ப் பழக்கம், நாளைக்கு வீட்டுப் பழக்கம் என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பட்டறையிலிருந்து போன். ‘சனியன்’ என்று கட் பண்ணினான். மறுபடியும் அடித்தது. ‘கர்மம்’ என்று ஸ்விட்ச் ஆஃப் செய்தான். பிறகு, இந்தக் கல்யாணத்தை ஒழுங்கா முடிச்சு வச்சா புண்ணியமாப் போவும் என்று என்னிடம் பெருமூச்சு விட்டான்.

வாத்தியாராக இருந்தவரால் தப்பைத் திருத்தாமல் இருக்க முடியுமா? முசியே கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

“இளங்கோ சார், முதல்ல சனி பகவானைக் கூப்பிட்டீங்க. அப்புறம் கர்மம்னீங்க. இப்ப புண்ணியம். நான் ஒண்ணுதானே சொன்னேன்?”

வசந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பாஸ்கல் சிரிப்பை அடக்கப் போய்ப் பஜ்ஜி புரையேறி இருமினான். சிரிக்காதவன் இளங்கோ ஒருவன்தான். அவன் முகம் கறுத்துவிட்டது. என் வீட்டுக்கு வந்து எனக்கே பாடம் எடுக்கிறீங்களா என்றான். முசியே, நீங்க ஆரம்பிச்சதுதானே என்றார். நாத்திகத்தில் யார் சுத்தம் என்று இரண்டு பேரும் போட்டி போட்டதைப் பார்த்தால், ஆச்சாரக்காரர்கள் தோற்றுப் போவார்கள். பொண்ணைக் கட்டிக்கொடுக்கிறதுன்னா யோசிக்கணும் என்கிற வார்த்தை வரைக்கும் வந்துவிட்டது. கயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

முசியே எழுந்தார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு, “அதியே” என்றார். இனி சந்திக்கப் போவதில்லை என்கிறவர்களிடம் சொல்கிற வார்த்தை அது.

இளங்கோ என்னைப் பார்த்தான். அதுலயும் இருக்காரா என்று கேட்டான். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. பிரித்துப் பார்த்தால் ‘கடவுள்கிட்ட ஒப்படைக்கிறேன்’னு வரும் என்றேன். பாவி... கோபித்துக்கொண்டு போகும்போதாவது அவரை விட்டுவிட்டுப் போகக்கூடாதா?

அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த மரி அம்மா அப்போதுதான் பேசினார். எழுந்திருக்கக்கூட இல்லை.

“உட்காருங்க. இந்தக் கூட்டத்துல சாமி கும்பிடறவ நான் ஒருத்திதான் வெளிப்படையா இருக்கேன். அந்தப் பேரை வீணா உச்சரிக்கக் கூடாதுன்னு சின்ன வயசுல படிச்சேன். அதனால ஜெபத்துல தவிர நான் வாயில எடுக்கறதில்ல. எங்க வீட்டுல நாள் பூரா கடவுளைக் கூப்பிடறது இவர்தான். சாவி காணோம்னா மோன் தியே. குழம்புல உப்பு கூடிப் போச்சுன்னா மோன் தியே. உங்க வீட்டுல நீங்க. நியாயமாப் பார்த்தா நான்ல கோவிச்சுக்கணும்?”

முசியே உட்கார்ந்தார். இளங்கோ தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான். விஷயம் அந்தப் பிரெஞ்சு வார்த்தை இல்லை. சொந்தத்தில் ஒரு பெண்ணை இப்படித்தான், ஒண்ணும் இல்லை ஒண்ணும் இல்லை என்று சொல்லிக் கட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை பிறந்ததும் பேரை மாற்று, மதத்தை மாற்று என்று ஆரம்பித்துவிட்டார்களாம். பெண் பேச்சையே குறைத்துக்கொண்டாளாம். கயலும் அப்படி ஆகிவிடுவாளோ என்று பயம். பயத்தைச் சொல்லக் கூச்சம். அதனால் கொள்கையைச் சொல்லியிருக்கிறான்! நம் ஊர் ஆண்கள் வழக்கமாகச் செய்கிறதுதான்.

மரி அம்மா இப்போதும் குரலை உயர்த்தவில்லை. “உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வர்றா. கோயிலுக்கு இல்ல. நான் கட்டிக்கிட்ட ஆளையே வெளிய மரத்தடியில உட்கார வச்சுட்டுத்தான் நான் உள்ள போறேன். அவளை இழுத்துக்கிட்டா போவப் போறேன்?”

கயல் தலையை நிமிர்த்தினாள். “அப்பா, என்னைக் காலையில சீக்கிரம் எழுந்திரிக்க வைக்கவே உங்களால முடியல. மதம் மாத்திடுவாங்களா?”

இளங்கோவுக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ஆறிப்போன காபியை வசந்தா மறுபடி சுட வைத்துக் கொண்டுவந்தாள். முசியே ஒரு வாய் குடித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மரி அம்மா ஒரு பார்வை பார்த்தார். காபி நல்லா இருக்கு என்று முடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகு நான் யோசித்தேன். சாமி இல்லை என்று சொல்வது சுலபம். சாமி இல்லாமல் தமிழ் பேசிப் பாருங்கள்... ‘தலையெழுத்து’ என்றால் எழுதினது யார்? ‘ஏழரையைக் கூட்டாதே’ என்றால் அது எந்தக் கிரகம்? பாயசம் அமிர்தம் மாதிரி இருக்கு என்கிறோமே, நமக்கு முன்னால் அதைக் குடித்துப் பார்த்தது யார்? அதற்கு முந்தின வாரம் பெரிய மார்க்கெட் வாசலில் ஒரு மீன் கூடை என் ஸ்கூட்டர் கண்ணாடியை உரசிக்கொண்டு போனபோது, ‘ஆண்டவா’ என்று நானே கத்தினேன். யாரைக் கூப்பிட்டேன்? யாரையும் இல்லை. பயந்த மூச்சு வெளியே வரும்போது கையில் கிடைத்த வார்த்தையை இழுத்துக்கொண்டு வருகிறது.

பாஷை என்பது பழைய வீடு மாதிரி. வாங்கும்போது முன்னால் இருந்தவர் அடித்த ஆணியும் சேர்ந்துதான் வரும். அவர் அதில் சாமி படம் மாட்டியிருந்தார். நாம் காலண்டர் மாட்டிக்கொள்கிறோம். அதற்காக ஆணியைப் பிடுங்கப் போனால் சுவரும் கொஞ்சம் பெயர்ந்துகொண்டு வரும்.

நோட்டீஸ் கொடுத்து, காத்திருந்து, போன வியாழக்கிழமை கல்யாணம். காலையில் மாலை வாங்கப் பூக்கடைக்கு இளங்கோவோடு நானும் போனேன். எந்தக் கோயில்ல கல்யாணம் என்று பூக்காரம்மா கேட்டார். ரிஜிஸ்டர் ஆபீஸ் என்றதும் ஒரு நொடி யோசித்தார். பிறகு, எங்க நடந்தா என்ன, புள்ளைங்களை சாமி நல்லா வைக்கட்டும் என்று மல்லிகையைக் கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தார். நான் இளங்கோ முகத்தைப் பார்த்தேன். ‘சரிம்மா’ என்று வாங்கிக்கொண்டான். அன்பாகச் சொன்னதை யாராவது திருத்துவார்களா?

ஆபீஸில் பழைய ஃபைல் வாசனை. பாஸ்கல் கையெழுத்துப் போட்டான். கயல் போட்டாள். மாலை மாற்றிக்கொண்டார்கள். கயல் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் ஏதாவது சொல்ல வேண்டிய நேரம். ‘நல்லா இரும்மா’ என்பது பாதிதான் வெளியே வந்தது. கண்ணைத் துடைக்கிறவன் மாதிரித் தெரியக்கூடாது என்று மாலைக்குள் முகத்தைப் புதைத்து மகளைக் கட்டிக்கொண்டான்.

ஃபைல் தூசியோ, சம்பங்கி வாசனையோ... ஆபீஸே அதிர்கிற மாதிரி ஒரு தும்மல் போட்டான்.

முசியே பக்கத்தில்தான் நின்றிருந்தார். பழக்கம் விடுமா? “அ வோ சுவே” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இளங்கோ மெதுவாக என் பக்கம் திரும்பினான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இந்தத் தடவை கொஞ்சமும் பயமில்லாமல் சொன்னேன். இதுல அவர் இல்லை. தும்மினவங்களுக்குச் சொல்றது. ‘நீங்க ஆசைப்பட்டது நடக்கட்டும்’னு மட்டும்தான் அர்த்தம்.

இளங்கோ மகளைப் பார்த்தான். அவள் பாஸ்கலின் மாலையில் சிக்கிய தன் தலைமுடியை எடுத்துவிட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்படியா?” என்றான். “சம்பந்தியை இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு.”

சொல்லிவிட்டு மறுபடியும் தும்மினான். அந்த இரண்டாவது தும்மல் நிஜமில்லை என்பது என் சந்தேகம்.