தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்

பாலைவனத்தில் வேப்பமரமும் புல்தரையும் தானாக முளைத்து நிற்கின்றன என்று நம்புகிற புண்ணியவான்கள் நிறையப் பேர் உண்டு. சாயங்காலமானால் உடம்போடு ஒட்டிய சட்டையும் ஹெல்மெட்டுமாகத் துபாயின் அந்தப் பதினான்கு கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கு வந்து, "ஆகா, என்ன பச்சை!" என்று மூச்சை இழுத்து விடுவார்கள். அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒரு மனுசன் இருக்கிறார். பேர் செல்வசிங், ஊர் குளச்சல், வயது ஐம்பத்திரண்டு. கேரியரில் டூல் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பாதையோரச் சொட்டுநீர்க் குழாய்களைப் பார்த்துப் பார்த்து அடைப்பெடுத்துக்கொண்டு போவதுதான் பத்தொன்பது வருசமாக அவருடைய டூட்டி.

மகள் சுபிஷாவுக்கு ஜூலை பத்தாம் தேதி கல்யாணம். லீவு கேட்டுப் போனார். கம்பெனி ஆபீசில் லீவுக் கணக்குப் பார்க்கிற பாலமுரளி மதுரைப் பையன், மறுப்பதைக்கூட மரியாதையாக மறுப்பான். "ஜூலையில நீங்க இல்லாட்டி புல்லெல்லாம் கருகிரும்ணே. டிசம்பர்ல ஒரு மாசமா எடுத்துக்கங்க" என்றான். டிசம்பரில் அவள் முழுகாமல் இருப்பாளடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயால் "சரி சார்" என்றார் செல்வசிங்.

ஊரிலிருந்த பெண்டாட்டி அன்னபாக்கியம் அப்படிச் "சரி" சொல்கிற ஜாதி இல்லை. "பெத்த தகப்பன் உயிரோட இருக்கும்போ, கோயிலுக்குள்ள அவ கையைப் பிடிச்சு யாரு கூட்டிட்டுப் போவா? நீங்க வருவியளா, இல்ல செல்போனுக்குள்ள நிப்பியளா?" என்று போனிலேயே பிடித்து உலுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்குத் தொழிலாளர் உடல்நலத்தின்மேல் அக்கறை பொத்துக்கொண்டு வந்தது. மே மாதம் முழுக்க சைக்கிள் போட்டி. போனில் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு மிதிக்க வேண்டும். அதிகம் மிதித்தவருக்குப் பத்து நாள் சம்பளத்தோடு லீவு, போகவர டிக்கெட், நினைத்த தேதியில். ஒரே ஒரு நிபந்தனை: டூட்டியில் மிதித்தது சேராது. வேலைக்காக மிதித்தால் உடம்பு தேறாதாம், சும்மா மிதித்தால்தான் தேறுமாம். பெரிய படிப்பெல்லாம் படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மேனேஜர் ஹஸ்னைன் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள் ஒன்று வாங்கினார். தினமும் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார். செல்வசிங்கோ டூட்டி முடிந்து, சட்டை காய்வதற்குள், அதே பழைய வண்டியில் அதே பாதையில் மறுபடி இறங்கினார். மே மாத வெயில் சாயங்காலத்திலும் அடுப்படி மாதிரிதான் இருக்கும். சத்வா பகுதியில் இருந்த ரூமுக்கு வந்து படுத்தால் தொடை இரண்டும் கெஞ்சும். ஆனாலும் மிதித்தார்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம். கண்ணெதிரே தண்ணீர் வீணாய்ப் பீய்ச்சிக்கொண்டிருந்தால் தாண்டிப் போகமாட்டார். இறங்குவார், குழாயைச் செருகுவார், கிளிப்பை இறுக்குவார். அதோடு விட்டாரா? மறுநாள் காலையில் கசிவு ரிஜிஸ்டரில் தேதி, மணி, கம்பத்து நம்பர் எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டார். யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருசமாக எழுதிய கை, சும்மா இருக்கவில்லை.

ஜூன் நாலாம் தேதி முடிவு. ஹஸ்னைன் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். செல்வசிங் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஆப்பைப் பார்த்துவிட்டு, ஜெயித்தது தான்தான் என்று முந்தின நாளே அன்னபாக்கியத்திடம் சொல்லிவிட்டதால், அங்கே அவருக்குக் கோட்டுத் துணிகூட எடுத்தாகிவிட்டது.

பாலமுரளி அவரைத் தனியாகக் கூப்பிட்டு ரிஜிஸ்டரைத் திறந்து வைத்தான். "அறுபத்து மூணு ரிப்பேர் பாத்திருக்கீங்கண்ணே. எல்லாம் போட்டி நேரத்துல. அப்ப அது டூட்டிதானே? டூட்டி கிலோமீட்டர் செல்லாதே."

"அப்பம் எனக்கு ஓவர்டைம் உண்டுமா?"

"அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கலயேண்ணே. அந்தக் கணக்குல பாத்தா, அது உங்க பொழுதுபோக்கு."

அடேயப்பா! பரிசு கேட்டால் டூட்டி, கூலி கேட்டால் பொழுதுபோக்கு. சாலமோன் ராஜாவே வந்தாலும் இந்தத் தீர்ப்புக்கு முன்னால் எழுந்து நின்றிருப்பார். மத்தியானம் பரிசு ஹஸ்னைனுக்குப் போனது. போன மாதந்தான் லாகூர் போய்விட்டு வந்த மனுசன், பாவம், மறுபடி போக வேண்டுமே என்று சலித்துக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வசிங்கும் தட்டினார்.

தட்டி முடித்ததும் நேரே பாலமுரளியின் மேசைக்கு வந்தார்.

"என்னை கேன்சல் பண்ணுங்க சார், விசாவும் வேண்டாம், வேலையும் வேண்டாம். ஒரு மாச நோட்டீஸ், ஜூலை நாலோட முடியும். ஊருக்கு டிக்கெட்டு கம்பெனிதான் தரணும், சட்டம் அப்படி. அதுக்கு சைக்கிள் மிதிக்கண்டாம்லா?"

பாலமுரளியின் முகம் வெளுத்தது. பதினான்கு கிலோமீட்டரில் எந்த வால்வு எந்த மரத்தடியில் புதைந்திருக்கிறது என்பது எந்தப் படத்திலும் இல்லை, இந்த மனுசனின் மண்டையில்தான் இருக்கிறது. ஹஸ்னைன் ஓடி வந்தார். "பாய், பாய், கேன்சல் எல்லாம் எதுக்கு பாய்?" என்று தோளைத் தொட்டார், டீ வரவழைத்தார். இருபது நிமிசத்தில் பதினைந்து நாள் லீவு, போகவர டிக்கெட்டோடு கையெழுத்தாகிவிட்டது. ஜூலையில் புல் கருகிவிடும் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

செல்வசிங் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வெளியே வந்து ஊருக்குப் போன் போட்டார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள் அன்னபாக்கியம். "எப்படி விட்டானுவ?"

"கேன்சல்னு ஒரு வார்த்தை சொன்னேன்."

அவள் சிரித்தாள், சுபிஷாவைக் கூப்பிட்டாள், பந்தல்காரனுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். செல்வசிங் பையிலிருந்த தாளை எடுத்து மறுபடி விரித்துப் பார்த்தார்.

"என்னங்க, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்" என்றார். "அப்பா செத்தப்பம் நாலு நாள் கேட்டேன், தரமாட்டேன்னானுவ. மண்ணு போடக்கூட நான் வரல. அன்னைக்கும் இந்த வார்த்தை எனக்குத் தெரியும், அன்னபாக்கியம். நான்தான் சொல்லல."